சாலைக் குறி பிழையானால் அபராதம் செல்லுமா?

நமது நெசவாளர் சங்கங்களும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களும் பல இன்று சொந்தமாகவோ வாடகைக்கோ சரக்கு வண்டி ஓட்டி வருகின்றன. சேலைப் பொதி ஜவுளிச் சந்தைக்குப் போக வேண்டும். நூல் மூட்டை ஆலையிலிருந்து வர வேண்டும். வாழைத்தாரும் தக்காளிக் கூடையும் விடிவதற்குள் மண்டி சேர வேண்டும். இவ்வண்டிகள் நகரத்துக் கடைவீதிக்குள் நுழையும்பொழுது நேரும் தொல்லைகளில் ஒன்று அபராதச் சீட்டு. முன்பெல்லாம் போலீஸ்காரர் வண்டியை நிறுத்திச் சீட்டு எழுதுவார். ஓட்டுநர் அங்கேயே நின்று தம் பக்கத்தைச் சொல்லலாம். இப்பொழுது கம்பத்தின் மேலிருக்கும் கேமரா படம் பிடித்துவிடுகிறது. சில நாள் கழித்து இ-சலான் வருகிறது. வண்டி சங்கத்தின் பெயரில் பதிவாகியிருப்பதால், அது காரியதரிசியின் மேஜைக்கே வந்து சேரும். தொகையைக் கட்டிவிட்டு அதை ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் சங்கங்களும் உண்டு.

ஓட்டுநரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். “அங்கே பலகையே இல்லை ஐயா” என்பார். “புதுத் தார் போட்ட பிறகு கோடு போடவேயில்லை” என்பார். “பலகையில் ஒரு நேரம் இருக்கிறது, சீட்டில் வேறொரு நேரம் இருக்கிறது” என்பார். இவற்றையெல்லாம் சாக்கு என்று தள்ளிவிடுவது எளிது. சில சாக்காகவும் இருக்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் இவற்றுள் சில தக்க எதிர்வாதங்கள் ஆகும். எவை ஆகும், எவை ஆகா என்று அங்கத்தினர்களும் காரியதரிசிகளும் அறிந்திருப்பது நலம்.

தொகையும் எப்பொழுதும் சிறிதன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவு, தனித் தண்டனை கூறப்படாத குற்றங்களுக்கு முதல் தடவை ரூ. 500 வரையிலும், பிந்திய தடவைகளில் ரூ. 1,500 வரையிலும் அபராதம் விதிக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட 194-ஆம் பிரிவோ, 115-ஆம் பிரிவின்படி செய்யப்பட்ட தடையை மீறி வண்டி ஓட்டினால் ரூ. 20,000 என்கிறது. சரக்கு வண்டிகள் இன்ன வீதியில் இன்ன நேரத்தில் நுழையலாகாது என்னும் உத்தரவுகள் இந்த 115-ஆம் பிரிவின்கீழ் வருவனவே. ஆகவே ஒரே நுழைவு, சீட்டில் எழுதப்படும் பிரிவைப் பொறுத்து ஐந்நூறாகவும் ஆகலாம், இருபதாயிரமாகவும் ஆகலாம். ஓட்டுநரின் ஒரு மாதச் சம்பளமே அதில் போய்விடக்கூடும். சீட்டு வந்தவுடன் தொகையைப் பார்க்கும் முன்னர்ப் பிரிவு எண்ணைப் பார்ப்பது முறை.

சட்டத்தின் அடிப்படையைச் சற்று விளக்க வேண்டும். மக்களுக்கு அறிவிக்கப்படாத விதியை மீறியதற்காக ஒருவரைத் தண்டிக்கலாமா என்னும் கேள்வி, சாலையைப் பற்றியல்லாத ஒரு வழக்கில் நமது சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. பழைய ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923-ஆம் ஆண்டு அமைச்சரவை ஒரு தீர்மானம் செய்து அபினிச் சட்டம் ஒன்றை இயற்றியது. தீர்மானப் புத்தகத்தில் அது பதிவாயிற்று. ஆனால் கெஜட்டில் வெளியிடப்படவில்லை, மக்களிடையே பறைசாற்றப்படவுமில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 1948-இல், ஹர்லா என்பவர் அச்சட்டத்தின்கீழ்ப் பிடிபட்டு ஐம்பது ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டார். அவ்வைம்பது ரூபாய் வழக்கு டில்லி வரை சென்றது. 1951-இல் நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு தண்டனையை நீக்கியது. குடிமக்கள் அறிந்துகொள்ள வழியே இல்லாத ஒரு சட்டத்தின்பேரில் அவர்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு ஒவ்வாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து. குற்றவாளி அதைப் படித்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. படிக்க விரும்பினால் படிக்கத்தக்க நிலையில் அது வெளியிடப்பட்டிருக்க வேண்டும் என்பதே பொருள்.

சாலையில் இந்த வெளியீடு இரண்டு படியாக நடக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் வகுத்திருக்கிறது. 115-ஆம் பிரிவின்படி, பொதுமக்களின் பாதுகாப்பு அல்லது வசதியின் பொருட்டோ, சாலை அல்லது பாலத்தின் தன்மை கருதியோ, மாநில அரசோ அதனால் அதிகாரமளிக்கப்பட்ட அதிகாரியோ ஒரு வீதியில் வண்டிகளைத் தடுக்கலாம். அத்தடை அரசாங்க கெஜட்டில் அறிவிக்கப்பட வேண்டும். அத்துடன் தக்க இடங்களில் தக்க குறிகளும் நிறுத்தப்பட வேண்டும். பிந்திய வாசகம் “செய்யலாம்” என்று விருப்பத்துக்கு விடப்படவில்லை. “செய்ய வேண்டும்” என்றே இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட சாலையில் வேகத்தைக் குறைத்து எல்லை வகுக்கும் 112-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவும் இவ்வாறே கெஜட் அறிவிப்பையும் குறியையும் சேர்த்தே சொல்கிறது. தேர்த்திருவிழா, பாலம் பழுது பார்த்தல் போன்ற காரணங்களுக்காக ஒரு மாதத்துக்கு மேற்படாமல் வைக்கப்படும் தடைக்கு மட்டும் கெஜட் அறிவிப்பு வேண்டியதில்லை.

“குறி” என்றவுடன் கம்பத்தின் மேலுள்ள பலகை மட்டுமே நினைவுக்கு வருகிறது. சட்டம் அவ்வாறு சுருக்கவில்லை. சட்டத்தின் 2-ஆம் பிரிவிலுள்ள சொல்விளக்கம், விளக்குகள், எச்சரிக்கைக் கம்பங்கள், வழிகாட்டிகள் ஆகியவற்றுடன் சாலையின் மேல் இடப்படும் குறிகளையும் போக்குவரத்துக் குறிகளாகவே சேர்த்திருக்கிறது. தார்மேல் பூசிய கோடும் எழுத்தும் கட்டமும் பலகையைப் போலவே சட்டத்துக்கு உட்பட்டவை. எனவே அவற்றை இடும் அதிகாரமும் கண்டவர்க்கெல்லாம் கிடையாது. 116-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்தவர்களுக்கும் தருகிறது. தேசிய நெடுஞ்சாலைகளில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் தந்திருக்கிறது. மற்றபடி எவரும் சாலையிலோ அதன் அருகிலோ போக்குவரத்துக் குறி வைக்கலாகாது என்று அதே பிரிவு கூறுகிறது. கடைக்காரர் தம் வாசலில் சங்கிலி கட்டி “வண்டி நிறுத்தாதே” என்று தொங்கவிடும் தகரத்துக்கும், தனியார் கட்டடத்தார் தெருவோரத்தில் தாமாகப் பூசும் மஞ்சள் கோட்டுக்கும் அதிகாரியின் அனுமதி இல்லாவிடில் சட்ட பலம் இல்லை. கடைவீதியில் பாதித் தகரங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை என்றே தோன்றுகிறது! அவற்றை மதித்து விலகி நிறுத்துவது அண்டை அயலாருக்குச் செய்யும் மரியாதை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அட்டவணையில் இடம்பெற்ற குறிகள் அதில் சொல்லிய அளவும் நிறமும் வகையும் உடையனவாக இருக்க வேண்டும் என்றும் 116-ஆம் பிரிவு கூறுகிறது. கட்டாயக் குறி என்பது பெரும்பாலும் சிவப்பு விளிம்பு கொண்ட வட்டத் தட்டு. சாலைக் கோடுகளுக்கோ, பொறியாளர்கள் இந்தியச் சாலைப் பேரவையின் 35-ஆம் எண் நெறிமுறையைப் பின்பற்றுகின்றனர். அது 2015-இல் திருத்தி வெளியிடப்பட்டது. நடுவில் தொடர்ந்து செல்லும் கோடு தாண்டலாகாதது; விட்டுவிட்டுச் செல்லும் கோட்டை இடம் பார்த்துத் தாண்டலாம். கோட்டின் அகலம், இடைவெளி, நிறம், இரவில் விளக்கொளியை எதிரொளிக்கும் கண்ணாடி மணிகளின் அளவு ஆகிய யாவும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளில், நிறுத்தக் கோடு எவ்விடத்திலும் 50 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்று எழுதியிருந்தது. அவ்விதிகளை 2017-ஆம் ஆண்டு ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் நீக்கிவிட்டன. எனினும் கோட்டின் அகலத்தைக்கூடச் சட்டம் பொருட்படுத்தியது என்பதற்கு அது ஒரு சான்று.

குறி சட்டத்தின்படி இல்லையென்றால் குற்றமே இல்லையா? இதைப் பற்றி இங்கிலாந்து நீதிமன்றங்கள் நிறையச் சிந்தித்திருக்கின்றன. “அளவு, நிறம், வகை” என்ற அதே சொற்கள் அந்நாட்டுச் சட்டத்திலும் உண்டு. அந்தத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தா. ஆனால் கேள்வியைத் தெளிவாக்கும். 1971-இல் வெளியான ஒரு தீர்ப்பில், ஒரு வண்டியோட்டி சாலை நடுவிலிருந்த வெள்ளைக் கோடுகளைத் தாண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். கோடுகள் விதியில் வகுத்த வடிவில் இல்லை. பார்ப்பவர் எவருக்கும் அது தாண்டலாகாத கோடு என்று புரிந்திருக்கும் என்று அரசுத் தரப்பு வாதாடியது. புரிந்தாலும் சரி, வகுத்த வடிவில் இல்லாத குறியை மீறுவது குற்றமாகாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. கண்டிப்பான தீர்ப்பு இது.

நாற்பது ஆண்டு கழித்துக் காற்று வேறு திசையில் வீசிற்று. சந்தர்லாந்து என்னும் நகரில் வண்டி நிறுத்தக் கட்டுப்பாடு கொண்ட ஒரு வட்டாரம் இருந்தது. அங்கே ஒற்றை மஞ்சள் கோட்டின்மேல் வண்டியை நிறுத்திப் பல சீட்டுகள் பெற்ற ஒருவர், அவ்வட்டாரத்தின் வேறு தெருக்களில் குறிகள் விதிப்படி அமையவில்லை என்பதைக் காட்டி, வட்டாரமே செல்லாது என்று வாதாடினார். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேறு மூலையில் உள்ள பிழை, இந்த இடத்தில் இந்த ஓட்டிக்குப் போதிய அறிவிப்பு இருந்ததா என்னும் கேள்விக்கு விடையாகாது. சிறு குறைகள் தண்டத்தை அழித்துவிடா என்று தீர்ப்பளித்தது. இவ்விரண்டு தீர்ப்புகளுள் பிந்தியதே நியாயத்துக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. குறியை நன்றாகக் கண்டு, வேண்டுமென்றே மீறிவிட்டு, கோட்டில் ஒரு விரற்கடை குறைகிறது என்று அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வருவதை நம் ஊர் மாஜிஸ்திரேட்டும் விரும்பமாட்டார். ஆனால் குறி இல்லாமையால் அல்லது தவறாக இருந்தமையால் ஓட்டுநர் ஏமாந்தார் என்றால், அது வேறு. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே நமது சீட்டுகளையும் சோதிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். கடைவீதி முனையில் சரக்கு வண்டிக்குக் காலை 8 முதல் 11 வரை தடை என்று பலகை இருக்கிறது. பின்னர் நேரம் 7 முதல் 11 வரை என்று மாற்றப்பட்டது, பலகை மாற்றப்படவில்லை. சங்கத்தின் வண்டி 7.20-க்கு நுழைந்து பொதிகளை இறக்கிவிட்டு 7.50-க்கு வெளியேறிற்று. சீட்டு வந்தது. இங்கே உத்தரவு சரியாக இருக்கலாம். ஆனால் 115-ஆம் பிரிவு கட்டளையிட்ட குறி வைக்கப்படவில்லை. இது தக்க எதிர்வாதம். இனி, பலகை சரியாக 7 என்றே இருந்து, வேப்பமரக் கிளை அதை முழுதும் மறைத்திருந்தது என்று கொள்வோம். இதுவும் வாதத்துக்கு உரியதே. பலகையை மறைக்கும் விளம்பரங்களை அகற்றப் போலீஸ் சூப்பரின்டென்டென்ட்டுக்கு அதிகாரம் அளிக்க 116-ஆம் பிரிவிலேயே இடம் இருப்பதால், குறி கண்ணுக்குத் தெரிவதைச் சட்டம் முக்கியமாகக் கருதுவது விளங்கும். மூன்றாவதாக, பலகை பளிச்சென்று இருந்து, ஓட்டுநர் கைப்பேசியில் பேசிக்கொண்டு கவனிக்காமல் போனார் என்றால், அவர் கட்டத்தான் வேண்டும். “காணவில்லை” என்பது வேறு. “காண முடியாது” என்பது வேறு.

தார்மேல் உள்ள குறிகளில் இந்தச் சிக்கல் இன்னும் மிகுதி. சரக்கு ஏற்றி இறக்குவதற்கென்று பூசிய கட்டம், குழாய் பதிக்க வெட்டியபின் பாதி அழிந்து, மீதிப் பாதி வண்டி நிறுத்தத் தடையான இடத்தைச் சுட்டுவதுபோல் நின்றுவிடும். பழைய கோட்டைச் சுரண்டாமல் பக்கத்தில் புதுக் கோடு போட்டுவிடுவார்கள்; மழை நாளில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். இத்தகைய இடங்களில் எழும் சீட்டுகளே பெரும்பாலும் மறுக்கத் தக்கவை.

சில வாதங்கள் எடுபடாதவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலகை இல்லாவிட்டாலும், பிறர்க்கு ஆபத்தோ இடையூறோ உண்டாகும்படி வண்டியை நிறுத்துவதை 122-ஆம் பிரிவு தனியே தடுக்கிறது. குறுகிய தெருவில் வண்டியை நிறுத்திப் பஸ்ஸை மறித்துவிட்டுக் கோடு இல்லை என்று சொல்லிப் பயனில்லை. வண்டியின் வகைக்கென்று மத்திய அரசு வகுக்கும் உச்ச வேகத்துக்கும் ஊர்தோறும் பலகை வேண்டியதில்லை. சிவப்பு விளக்கு எரியும்பொழுது நிறுத்தக் கோடு அழிந்திருந்தது என்பதும் சாக்கே. கோட்டைச் சற்றுத் தாண்டி நின்றதற்காக எழுதிய சீட்டானால் மட்டும் அது பேசும். வேகக் குற்றத்தில் இன்னொரு காப்பும் உண்டு. கருவியின் அளவு இல்லாமல், ஒரே சாட்சியின் கண் மதிப்பை மட்டும் கொண்டு ஒருவரைத் தண்டிக்க 183-ஆம் பிரிவு இடம் தரவில்லை.

கேமரா வழியாக வரும் சீட்டுகளுக்கு 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-அ என்னும் விதி சேர்க்கப்பட்டது. கருவிக்கு மாநில அரசு குறித்த அதிகாரியின் அங்கீகாரச் சான்று வேண்டும். கண்காணிப்பு உள்ள பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை தெளிவாக வைக்க வேண்டும். குற்றத்தையும் வண்டி எண்ணையும் காட்டும் படம், நாள், நேரம், இடம், மீறிய பிரிவு ஆகியன சீட்டுடன் இருக்க வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று அவ்விதி வகுத்தது. இக்கால எல்லைகள் அவ்வப்போது திருத்தப்படுவன. ஆகையால் பணம் கட்டவோ மறுக்கவோ சீட்டில் அச்சிட்டிருக்கும் கெடுவையே கணக்கில் கொள்ள வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, அவசரப்பட்டுப் பணம் கட்டாதிருப்பது. 200-ஆம் பிரிவின்படி தொகையைச் செலுத்துவது குற்றத்தைச் சமரசமாக முடித்துக்கொள்வது. முடித்தபின் மறுக்க ஏதும் மிஞ்சாது. 208-ஆம் பிரிவின்கீழ் வரும் சம்மனுக்குத் தபாலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் அனுப்புவதும் அப்படியே. கட்டுவதா மறுப்பதா என்பதை முன்னரே தீர்மானித்துவிட வேண்டும்.

இரண்டாவது, படம். சீட்டு வந்த அன்றே, அது குறிப்பிடும் அதே நேரத்தில், அவ்விடத்துக்கு ஒருவரை அனுப்புக. ஓட்டுநரின் ஆசனத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதே முக்கியம். ஆகவே முதலில் நூறு அடி தூரத்திலிருந்தும், பின்னர் நெருங்கியும், வீதி முழுவதும் தெரியும்படியும் படம் எடுக்க வேண்டும். கோட்டின் அருகே அளவு நாடாவை விரித்து ஒரு படம் எடுப்பது நல்லது. பக்கத்துக் கடைப் பெயரோ மின்கம்ப எண்ணோ படத்தில் விழட்டும். ஒரு வாரம் தாமதித்தால் நகராட்சியார் புதுக் கோடு போட்டுவிடக்கூடும். பிறகு நாம் சொல்வதை யார் நம்புவார்?

மூன்றாவது, உத்தரவின் நகல். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்தால், முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அவ்வீதியின் தடை எந்தக் கெஜட்டில், எந்த நாளில் வெளியாயிற்று, குறி வைக்கப்பட்ட நாள் எது, கருவியின் சான்று எங்கே என்று மூன்று கேள்வி போதும். நீண்ட குற்றப் பத்திரிகை எழுத வேண்டாம். சீட்டின் கெடுவுக்குள் பதில் வராமற் போகலாம். அப்பொழுது மனுவின் நகலை மறுப்புடன் இணைத்து, ஆவணத்தைக் காட்டும்படி கேட்கலாம்.

இதற்கிடையில் சங்கத்துக்கு ஒரு கடமை இருப்பதை மறக்கலாகாது. வண்டியை ஓட்டியவர் யார் என்று அதிகாரி கேட்டால் உரிமையாளர் சொல்ல வேண்டும் என்பது 133-ஆம் பிரிவு. இதை மறைப்பதோ, அன்று ஓட்டாதவர் பெயரைக் கொடுப்பதோ தனிக் குற்றத்தில் கொண்டுவிடும். அன்றாடம் வண்டிப் புத்தகத்தில் ஓட்டுநர் பெயர், புறப்பட்ட நேரம், சென்ற வழி, இறக்கிய இடம் ஆகியவற்றை எழுதி வைத்தால் இத்தொல்லை இல்லை. அதே புத்தகம் ஓட்டுநருக்குச் சாட்சியாகவும் நிற்கும்.

ஓட்டுநர் தம் வாதத்தைச் சொல்லி, படம் எடுத்து, நிர்வாகக் குழு அதை ஆராயும் வரை சம்பளத்தில் கை வைப்பது நியாயமன்று. கடைவீதிக்குள் அந்த நேரத்தில் போகும்படி சொன்னது பெரும்பாலும் சங்கமே. சங்கம் அனுப்பிய வண்டிக்குப் பிழையான குறியால் வந்த தண்டத்தை அவர் ஒருவர் தலையில் கட்டுவதும், கேள்வியின்றிச் சங்கச் செலவில் எழுதித் தணிக்கையில் ஆட்சேபம் பெறுவதும் இரண்டும் வேண்டா. குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதி, மறுப்பதா கட்டுவதா என்பதையும் காரணத்தையும் பதிவு செய்வது தக்கது.

மறுப்பதென்றால் செலவையும் பார்க்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்காக ஒரு நாள் வண்டியை நிறுத்தி, வக்கீலுக்கும் கொடுத்து, இரண்டு வாய்தா போய்வருவது கட்டுபடியாகாது. அத்தகைய சீட்டை எழுத்து மூலம் மறுத்துப் பார்த்து, ஏற்கப்படாவிடில் கட்டிவிடுவது விவேகம். இருபதாயிரத்துச் சீட்டுக்கும், ஒரே இடத்தில் மாதந்தோறும் வரும் சீட்டுகளுக்கும் இக்கணக்கு பொருந்தாது. அவற்றை நீதிமன்றத்தில் எதிர்ப்பதே வழி.

சாலையைத் தவறாக அமைத்தவர்க்கும் தண்டனை உண்டா என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். 2019-இல் சேர்ந்த 198-அ பிரிவு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. ஆனால் வகுத்த தரத்தைப் பின்பற்றாததனால் உயிர்ச்சேதமோ உடல் ஊனமோ நேர்ந்தால்தான் அது பாயும். கோடு தவறியதால் ஓட்டுநர் ஐந்நூறு ரூபாய் இழந்தார் என்பதற்காக எந்தக் கான்ட்ராக்டரும் அதன்கீழ் வரமாட்டார். சட்டத்தின் தராசு இங்கே ஒரு பக்கம் தாழ்ந்தே இருக்கிறது.

ஆகையினால் சீட்டை மறுப்பதோடு நில்லாமல், குறியைத் திருத்தும்படியும் சங்கத்தின் பெயரால் ஒரு மனு கொடுக்க வேண்டும். நகராட்சி ஆணையருக்கும் போக்குவரத்துப் போலீஸ் அதிகாரிக்கும் ஒரே நாளில் அனுப்பி, மாவட்டக் கலெக்டருக்கு நகல் வைக்கலாம். சந்தையில் சரக்கு இறக்கும் மற்றச் சங்கங்களும் வியாபாரிகளும் கையெழுத்திட்டால் மனு கனம் பெறும். வீதியின் கைவரைபடம், எடுத்த படங்கள், அவ்விடத்தில் வந்த சீட்டுகளின் நாளும் எண்ணும், சரக்கு இறக்க எந்த நேரம் எந்தக் கட்டம் வேண்டும் என்னும் குறிப்பு ஆகிய நான்கையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி, சலான் கோப்பிலேயே வைக்க வேண்டும். அடுத்த சீட்டு அதே இடத்தில் வருமானால், குறி பிழையென்று அதிகாரிகளுக்கு இன்ன தேதியில் தெரிவிக்கப்பட்டது என்பதற்கு அந்த ரசீதே சான்று.